60 சென்ட் பூங்கா இடம்: மழைப் பள்ளத்தைத் தூர்க்காமல் பிள்ளைகளுக்கு விளையாட்டிடம் அமைக்க முடியுமா?

கடலோரத்துக்காரி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். கீழக்கரைக்கும் ஏர்வாடிக்கும் நடுவே, கடலிலிருந்து முக்கால் கிலோமீட்டர் உள்ளே தள்ளி எங்கள் குடியிருப்பு. மனை பிரித்து விற்றபோது பூங்காவுக்கென்று விட்ட 60 சென்ட் இடம் பன்னிரண்டு வருடமாகச் சும்மா கிடக்கிறது. சும்மா என்று பெரியவர்கள்தான் சொல்கிறோம், சாயங்காலம் போய்ப் பார்த்தால் தெருப் பிள்ளைகள் முப்பது பேராவது அங்கேதான் இருப்பார்கள். வடக்கு ஓரத்தில் 9 பனை, கிழக்கு மூலையில் குடை விரித்த மாதிரி ஒரு பழைய உடை மரம், நடுவில் ஒரு பள்ளம், மேற்கே முழுக்கச் சீமைக்கருவேல். பள்ளத்தில் ஐப்பசி, கார்த்திகையில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும், தை பிறந்தால் காய்ந்துவிடும். போன மழைக்கு என் எட்டு வயது மகள் அங்கிருந்து நாலைந்து தலைப்பிரட்டைகளைப் பாட்டிலில் கொண்டுவந்து, கால் முளைக்கிறவரை பள்ளத்துத் தண்ணீரையே மாற்றி மாற்றி ஊற்றி, தவளையானதும் திரும்பக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாள். அவளை அவ்வளவு பொறுமையாக நான் வேறெதிலும் பார்த்ததில்லை.

இப்போது பூங்கா அமைக்கப் பணம் வந்திருக்கிறதாம். வரைபடத்தைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கம் வரவில்லை. பள்ளத்தைக் கிராவல் அடித்து நிரப்புகிறார்கள். சுற்றிலும் ஆறடிச் சுவர், ஒரே ஒரு கேட், பேவர் பிளாக் பாதை, நடுவில் புல்தரை, ஒரு நீரூற்று, ஃபைபர் சறுக்குமரம், இரும்பு ஊஞ்சல். உடை மரத்துக்கு மேல் சிவப்பு மையில் பெருக்கல் குறி. கேட்டால் "முள் மரம்மா, பிள்ளைகள் வருகிற இடம்" என்கிறார்கள்.

குடியிருப்போர் கூட்டத்தில் எழுந்து, இருக்கிறதை வைத்தே செய்யலாமே என்று சொன்னேன். தண்ணீர் நிற்கிற இடத்தில் பிள்ளை விழுந்தால் யார் பொறுப்பு, கொசு வரும், பாம்பு வரும் என்று ஆளுக்கு ஒன்று கேட்டார்கள். என்னிடம் பதில் இல்லை. போர்வெல் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு, இதில் என்ன மரம் வரும் என்றும் தெரியவில்லை. மழைக்கு இன்னும் இரண்டு மாதம்கூட இல்லை, அதற்குள் வேலை தொடங்கிவிடுவார்கள். விஷயம் தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள், கூட்டத்தில் நான் என்ன பேசவேண்டும்?


மண்டபத்து மண் எழுதியது:

அக்கா, நான் மண்டபத்தில் பிறந்தவன், இப்போது மதுரையில் நிலவடிவமைப்பு வேலை. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், அந்த இடத்தில் இருப்பதிலேயே விலை மதிப்புள்ளது அந்தப் பள்ளம்தான். அதை மட்டும் விட்டுவிடாதீர்கள், மற்ற எதில் வேண்டுமானாலும் விட்டுக்கொடுத்துப் பேசலாம்.

காரணம் தண்ணீர். நம் கடற்கரையில் நிலத்தடியில் நல்ல தண்ணீர் ஒரு மெல்லிய படலமாகத்தான் இருக்கிறது, உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே சுமார் 40 அடி வரை உப்புத் தண்ணீரை அது அமுக்கி வைத்திருக்கும். ஒரு அடி குறைந்தால் கீழேயிருந்து 40 அடி உப்பு ஏறும், கணக்கு அப்படித்தான் வேலை செய்கிறது. தனுஷ்கோடியில் கடலுக்குப் பக்கத்திலேயே மணலில் கையால் ஊற்றுத் தோண்டி நல்ல தண்ணீர் எடுக்கிறார்களே, அது இந்தப் படலம்தான். ஆழமாக போர் போட்டு மோட்டார் வைத்து இழுத்தால் உப்புதான் வரும், உங்களுக்கு வந்திருப்பதும் அதுதான். அந்தப் படலத்துக்குத் தீனி மழை மட்டுமே.

இப்போது உங்கள் 60 சென்ட்டைக் கணக்குப் போடுவோம். 60 சென்ட் என்றால் ஏறத்தாழ 2,430 சதுர மீட்டர். நம் மாவட்டத்தில் வருட மழை 800 மில்லிமீட்டரை ஒட்டி, பாதிக்கு மேல் ஐப்பசியிலிருந்து மார்கழிக்குள் கொட்டிவிடும். அந்த இடத்தில் மட்டும் விழுவது வருடத்துக்கு 19 லட்சம் லிட்டர். புயல் சின்னம் வந்து ஒரே நாளில் 10 சென்டிமீட்டர் பெய்தால் அன்றைக்கு மட்டும் 2.4 லட்சம். பேவர் பிளாக்கும் கிராவலும் போட்டால் அது தெருவுக்கு ஓடி யாரோ ஒருவர் வீட்டு வாசலில் நிற்கும், அந்த வீட்டுக்காரர் மறுநாளே கால்வாய் கட்டச் சொல்லி மனுக் கொடுப்பார். 8 சென்ட் அளவுக்கு, நடுவில் மூன்றடி ஆழம் வருகிற மாதிரி பள்ளத்தைச் சீர் செய்தால் அதில் பெரும்பகுதியை அங்கேயே நிறுத்தி மண்ணுக்குள் இறக்கிவிடலாம். சென்னையில் மாநகராட்சி ஸ்பாஞ்ச் பூங்கா என்று இதையே பணம் செலவழித்துத் தோண்டுகிறது. உங்களுக்கு இயற்கையாகவே கிடைத்திருக்கிறது.

புல்தரை பற்றியும் கேட்டு வையுங்கள். நம் வெயிலில் ஒரு சதுர மீட்டர் புல் பச்சையாக இருக்க தினம் 5 லிட்டர் குடிக்கும். பாதி இடத்தில் புல் என்றால் தினம் 6,000 லிட்டர், இரண்டு நாளைக்கு ஒரு 12,000 லிட்டர் டேங்கர் லாரி. குடிக்கிற தண்ணீரைக் குடம் கணக்கில் வாங்குகிற ஊரில் இதை யார் ஊற்றுவார்கள்? கூட்டத்தில் இந்த ஒரு கணக்கைச் சொன்னாலே பாதிப் பேர் உங்கள் பக்கம் வந்துவிடுவார்கள்.

பள்ளத்தில் ஒன்றரை அடி கூடுதலாக எடுத்தால் 50 யூனிட் மண் வரும், ஒரு யூனிட் என்றால் 100 கன அடி. அதை வெளியே அனுப்பாதீர்கள். ஆறடி உயரம், அடியில் 44 அடி அகலத்தில் ஒரு மேடு போடுங்கள், ஒரு அடி ஏற்றத்துக்கு மூன்றடி சரிவு என்ற கணக்கில். இதைவிடச் செங்குத்தாக வைத்தால் மணல் மேடு காற்றிலேயே இறங்கிவிடும். கடற்கரையில் தானாகப் படர்கிற அடம்புக்கொடியும் அறுகம்புல்லும் வைத்தால் மேடு பிடித்துக்கொள்ளும். பிள்ளைகளுக்கு ஒரு மேடும் ஒரு பள்ளமும் போதும், பாதி விளையாட்டை அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். சறுக்குமரம் வேண்டுமென்றால் அந்த மேட்டுச் சரிவிலேயே படுத்த மாதிரி பதிக்கலாம், உயரத்திலிருந்து விழுகிற பயம் போய்விடும், ஏணியும் வேண்டாம். ஆனால் நிழலில் வையுங்கள். வெளிநாட்டு வழிகாட்டிகளில் சறுக்கை வடக்குப் பார்த்து வைத்தால் சுடாது என்று எழுதியிருப்பார்கள், அதைப் பார்த்து இங்கேயும் செய்கிறார்கள். நாம் இருப்பது 9 டிகிரி அட்சத்தில். ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் சூரியன் உச்சந்தலைக்கு நேரே, நடு மாதங்களில் வடக்குப் பக்கமே சாய்ந்து நிற்கும். அந்த மாதங்களில் வடக்கு பார்த்த சறுக்குதான் இங்கே அதிகம் சுடும். வெயிலில் கிடக்கிற இரும்பும் ரப்பர் விரிப்பும் 60 டிகிரியைத் தாண்டும், குழந்தைத் தோல் தாங்காது. மர நிழலைத் தவிர இதற்கு வேறு வழி இல்லை.

இன்னொன்று, இது ஏதோ புதுப் பைத்தியம் என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள். டென்மார்க்கில் சோரன்சென் என்ற நிலவடிவமைப்பாளர், தான் அழகாகப் போட்டுக்கொடுத்த பூங்காக்களை விட்டுவிட்டுப் பிள்ளைகள் கட்டுமான இடங்களிலும் உடைசல் கிடக்கிற இடங்களிலும் போய் விளையாடுவதைப் பார்த்துவிட்டு, 1943இல் கோபன்ஹேகன் பக்கம் எம்ட்ரூப்பில் பலகையும் செங்கலும் மண்ணும் மட்டும் போட்டு ஒரு விளையாட்டிடம் திறந்தார். ஆம்ஸ்டர்டாமில் ஆல்டோ வான் எய்க் என்ற கட்டடக் கலைஞர் 1947இலிருந்து எழுநூறுக்கு மேல் சின்னச் சின்ன விளையாட்டிடங்கள் அமைத்தார், பல இடங்கள் போருக்குப் பிறகு காலியாகக் கிடந்த மனைகள். மணல்குழி, தாவிச் செல்லக் கல், தொங்கக் கம்பி, அவ்வளவுதான்.


பாக் நீரிணைக்காரன் எழுதியது:

தொண்டிப் பக்கம் நான். மேலே தம்பி சொன்னது எல்லாம் சரிதான், ஆனால் நான் பட்டதைச் சொல்லாமல் விடமுடியவில்லை. எங்கள் ஊரில் சில வருடம் முன்னால் இதே மாதிரி ஒரு பூங்கா வந்தது. திறப்புவிழா அன்றைக்கு ஓடிய நீரூற்று அதற்கப்புறம் ஓடவில்லை. உப்புக்காற்றில் ஊஞ்சல் சங்கிலி இரண்டாவது வருடமே செதில் செதிலாக உதிர்ந்தது, ஒரு பையனுக்கு உள்ளங்கை கிழிந்து தையல் போட்டார்கள், அன்றைக்கே கேட்டைப் பூட்டியவர்கள்தான். இப்போது உள்ளே சீமைக்கருவேல் மறுபடி முளைத்து நிற்கிறது, பிள்ளைகள் சுவர் ஏறிக் குதித்து உள்ளே போகிறார்கள்.

அதனால் என் கருத்து, எதை வைக்கிறோம் என்பதைவிட எது பராமரிப்பே இல்லாமல் பத்து வருடம் நிற்கும் என்று பாருங்கள். எங்கள் பூங்காவில் இன்றைக்கும் நன்றாக இருப்பது ஒன்றே ஒன்று, வேப்பமரத்தைச் சுற்றிக் கட்டிய திண்ணை. சுவரைப் பற்றியும் யோசியுங்கள். ஆறடிச் சுவர் உள்ளே இருப்பவரை வெளியே இருப்பவர் கண்ணிலிருந்து மறைக்கிறது. சாயங்காலம் இருட்டியதும் உள்ளே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெருவுக்குத் தெரியாது. அதற்கப்புறம் எந்தத் தாய் பிள்ளையை அனுப்புவாள்? ஆடு வராமல் இருக்கவேண்டும், வாகனம் நுழையக்கூடாது, அவ்வளவுதானே. இடுப்பளவு வேலி போதும்.


பனங்காட்டு வாத்தியார் எழுதியது:

சாயல்குடிப் பக்கம் ஓய்வுபெற்ற ஆசிரியன். மகளே, அந்த உடை மரத்தை வெட்ட விடாதே. நம் கரிசல் ஓரத்துக்கும் கடல் ஓரத்துக்கும் சொந்தமான மரம் அது, தென்னிந்தியாவின் வறண்ட பகுதியையும் இலங்கையையும் விட்டால் வேறெங்கும் இயல்பாக வளர்வதில்லை. அந்த அகலத்துக்கு ஒரு நிழல் உண்டாக்க இருபது வருடம் ஆகும். முள் இருப்பது உண்மைதான், அதனால் தாழ்ந்த கிளைகளை ஏழடிக்குக் கழித்துவிட்டு, அதன் கீழே ஓடி விளையாடுகிற இடமாக வைக்காமல் பெரியவர்கள் செருப்போடு உட்காருகிற திண்ணையாக வைத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒரு தடவை கூட்டினால் போதும்.

சீமைக்கருவேலை எடுக்கத்தான் வேண்டும், ஆனால் வெட்டினால் போதாது, தூரோடு பெயர்க்கவேண்டும், இல்லாவிட்டால் ஒன்றுக்கு நாலாகத் துளிர்க்கும். கரி மூட்டம் போடுகிறவர்களிடம் பேசினால் விறகை எடுத்துக்கொண்டு வெட்டுக்கூலி இல்லாமலே முடித்துத் தருவார்கள். ஒரே நாளில் மொத்தமாக எடுத்துவிடாதே. மேற்கே இருப்பது உங்களுக்கு ஆனி, ஆடிக் கச்சான் காற்றுக்குத் தடுப்பு. அதற்கு உள்பக்கம் முதலில் பூவரசம் போத்து, அதாவது கிளைத் துண்டு, ஊன்று, அது வேர் பிடித்துத் தலை தூக்கியதும் வெளிப்பக்கத்தை எடு.

உப்புத் தண்ணீருக்கு என்ன வரும் என்று கேட்டாய். புன்னை, பூவரசு, புங்கு, வேம்பு, உகா, பனை. இவை ஐந்தாறும் நம் மண்ணில் தானாக நிற்பவை. புன்னை மெதுவாகத்தான் வளரும், ஆனால் கடற்காற்றுக்கு அதன் இலை கருகாது. கொட்டையின் ஓட்டை லேசாக உடைத்து ஊன்றினால் சீக்கிரம் முளைக்கும். தாழையும் ராவணன் மீசையும் வேலியோரமாக வைத்தால் மண்ணை நன்றாகப் பிடிக்கும் என்று யாராவது சொல்வார்கள், வேண்டாம், இரண்டும் பிள்ளைகளைக் கீறிவிடும். அரளியும் வேண்டாம், அதன் இலை, பூ எல்லாமே விஷம், ஆனாலும் பூங்கா என்றாலே அதைத்தான் முதலில் நடுகிறார்கள். இலந்தையும் கொடுக்காப்புளியும் ஒரு மூலையில் இருக்கட்டும், முள்தான், ஆனால் பழத்துக்காக முள்ளைத் தாண்டக் கற்றுக்கொள்கிற வயது ஒன்று உண்டு.

நடுகிற நேரம் மழை தொடங்கும்போது. முதல் இரண்டு கோடைக்கு மட்டும் கன்றுக்குப் பக்கத்தில் ஒரு மண்பானையைக் கழுத்து வரை புதைத்து, அடியில் சின்ன ஓட்டை போட்டுத் திரி வைத்துத் தண்ணீர் ஊற்றி வை. வாரம் ஒருமுறை நிரப்பினால் போதும். அந்த வேலையைத் தெருவில் வீட்டுக்கு ஒரு மரம் என்று பிள்ளைகளிடமே கொடு.

பனையைப் பற்றிச் சொல்லாமல் முடித்தால் எனக்கு மனசு ஆறாது. ஆவணி, புரட்டாசியில் பனம்பழம் விழுகிறபோது கொட்டைகளைப் பொறுக்கி, மணலில் ஒரு பாத்தி போட்டுப் பதித்தால் பொங்கலுக்குக் கிழங்கு தோண்டலாம். நான் வேலை பார்த்த பள்ளியில் வருடா வருடம் இதைச் செய்தோம். மூன்றாம் வகுப்புப் பிள்ளை கையால் மணலைப் பறித்துத் தான் பதித்த கிழங்கை இழுத்து எடுக்கிறபோது அதன் முகத்தைப் பார்க்கவேண்டும். நுங்கு தின்ற வெறுங்காயில் வண்டி, ஓலையில் காற்றாடி, கிலுகிலுப்பை, புன்னைக்காயில் கோலி, இதெல்லாம் அந்த இடமே கொடுக்கிற விளையாட்டுச் சாமான். ஆனால் பனைக்கு நேர் கீழே விளையாட விடாதீர்கள், மட்டையும் காயும் சொல்லாமல் விழும். விழுந்த பனை ஊரில் எங்கேயாவது கிடந்தால் வைரம் பாய்ந்த அடிமரத்தைத் துண்டு போட்டு நட்டுவையுங்கள், ஏறித் தாவ நன்றாக இருக்கும். தென்னை வேண்டாம், இரண்டு மழையில் இற்றுவிடும்.


கடலோரத்துக்காரி எழுதியது:

ஐயா, படிக்கப் படிக்கக் கண் கலங்கிவிட்டது. பனங்கொட்டைப் பாத்தியை இந்த வாரமே போட்டுவிடுவேன், அதற்கு யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லையே.

தொண்டி அண்ணன் சொன்ன சுவர் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, நன்றி. இரண்டு சந்தேகம் இன்னும் இருக்கிறது. தண்ணீர் நிற்கிற இடத்தைப் பற்றித் தாய்மார்கள் பயப்படுவது நியாயமான பயம்தான், அதற்கு நான் வெறும் ஆர்வத்தை மட்டும் பதிலாகச் சொல்ல முடியாது. அப்புறம் பெண் பிள்ளைகள். பத்து, பதினொரு வயது வரை எல்லோரும் ஒன்றாகத்தான் விளையாடுகிறார்கள், அதற்கப்புறம் பெண்கள் ஒவ்வொருவராக வருவதை நிறுத்திவிடுகிறார்கள். என் மூத்தவள் போன வருடத்திலிருந்து போவதில்லை. ஏன் என்று கேட்டால் "அங்க பசங்க கிரிக்கெட் ஆடுறாங்கம்மா, நிக்கவே இடம் இல்ல" என்கிறாள்.


பால்வாடி அக்கா எழுதியது:

பதினெட்டு வருடமாக அங்கன்வாடியில் இருக்கிறேன், கடலோர ஊர்தான். உங்கள் மூத்த மகளுக்காக முதலில் பேசுகிறேன். ஆஸ்திரியாவில் வியன்னா நகரத்தில் தொண்ணூறுகளில் இதையே கவனித்தார்கள், ஒன்பது, பத்து வயதுக்கு மேல் பெண் பிள்ளைகள் பூங்காவுக்கு வருவது திடீரென்று குறைந்துபோனது. திறந்தவெளி முழுவதும் ஒரே மைதானமாக இருந்தால் பந்து வைத்திருக்கிறவர்கள் முழுசாக எடுத்துக்கொள்கிறார்கள், பெண்கள் அதற்குச் சண்டை போடாமல் விலகிவிடுகிறார்கள். அதனால் இரண்டு பூங்காக்களைப் பகுதி பகுதியாகப் பிரித்து, பாதைகளைத் திறந்து, வெளிச்சம் கொடுத்து, கூட்டமாக உட்காருகிற இடங்கள் வைத்தார்கள், பெண்கள் திரும்ப வந்தார்கள். உங்களிடம் மேடும் பள்ளமும் இருப்பதால் இடம் தானாகவே பிரிந்திருக்கும். கிரிக்கெட்டுக்குத் தெற்கே ஒரு பங்கு கொடுங்கள், அவர்களும் நம் பிள்ளைகள்தான். கிளித்தட்டுக்கும் பாண்டிக்கும் கோடு போட்டு ஒரு தளம், கல்லில் வெட்டிய பல்லாங்குழியும் ஆடுபுலிக் கட்டமும் உள்ள ஒரு திண்ணை, அது தெருவைப் பார்த்து இருக்கட்டும். வாசல் மூன்று வேண்டும். ஒரே வாசல் இருந்து அதில் நாலு பேர் பைக்கில் சாய்ந்து நின்றால், எந்தப் பெண்ணும் உள்ளே வரமாட்டாள். கழிப்பறை இல்லாமல் மட்டும் கட்டவிடாதீர்கள், பெண்கள் அரைமணி நேரத்துக்கு மேல் இருப்பதும் இல்லாததும் அதைப் பொறுத்ததுதான்.

தண்ணீருக்கு வருகிறேன். ஆபத்து ஆழத்தைவிடக் கரையில் இருக்கிறது. செங்குத்தான கரை இருந்தால் கால் வழுக்கிய பிள்ளை நேராக ஆழத்துக்குப் போகும். படிப்படியாக, கடற்கரை மாதிரி, பத்தடி நடந்தாலும் முழங்கால் நனையாத சரிவு இருந்தால் பிள்ளை விழுந்தாலும் எழுந்து நிற்கும். ஆழமான நடுப்பகுதியைச் சுற்றிக் கோரை மாதிரி அடர்த்தியாக ஏதாவது வளர்த்து, அதற்கு வெளியே ஒரு தாழ்ந்த மூங்கில் வேலி. மழைக்காலம் மூன்று மாதம் சிறுசுகளைப் பெரியவர் துணை இல்லாமல் அந்தப் பக்கம் விடுவதில்லை என்று தெருவே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள். என் மையத்தில் இரண்டு வயதுப் பிள்ளைக்கு வாளித் தண்ணீர்கூட ஆபத்து என்றுதான் நாங்கள் சொல்லிக்கொடுக்கிறோம், அதனால் வேலி போட்டாயிற்று என்று அசந்துவிடக் கூடாது.

கொசு முட்டையிலிருந்து வெளியே பறக்க ஏழிலிருந்து பத்து நாள் ஆகும். மணல் தரையில் ஓரத்துத் தண்ணீர் அதற்குள் இறங்கிவிடும், நடுவில் நிற்பதற்குத் தவளையும் தட்டானும் தட்டானின் புழுவும் இருக்கின்றன, கொசுப்புழு அவற்றுக்குச் சாப்பாடு. உங்கள் மகள் தலைப்பிரட்டை எடுத்தாள் என்றாலே அந்தப் பள்ளம் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். டெங்கு கொசு அங்கே வருவதைவிட அந்த நீரூற்றுத் தொட்டியிலும், சுற்றிக் கிடக்கிற டயர், சிரட்டை, பிளாஸ்டிக் கப்பிலும்தான் வரும். பாம்பு எலிக்கு வரும், எலி சோற்றுக்கு வரும், அதனால் குப்பைத்தொட்டி தெருப்பக்கம் இருக்கட்டும், மரத்துண்டுகளை அடுக்காமல் பாதி மண்ணில் புதைத்து வையுங்கள், அடியில் பொந்து இருக்காது.

தொங்குகிற, தாவுகிற இடங்களுக்குக் கீழே ஒரு அடி ஆழத்துக்கு நெகிழ்ந்த மணல், கல், சங்கு ஓடு எல்லாம் சலித்து எடுத்தது. அதை அவ்வப்போது கிளறிவிடவேண்டும், இறுகிய மணல் சிமென்ட் மாதிரிதான். இவ்வளவும் செய்த பிறகும் முழங்கால் சிராய்க்கும், சிராய்க்கட்டும். கை உடையாமல் பார்த்துக்கொள்வது நம் வேலை, சிராய்ப்பு அவர்களுடையது.

மண்ணில் புரள்வது உடம்புக்கு நல்லது என்று பாட்டி சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள், ஆராய்ச்சி சொன்னால் கேட்பார்கள் என்பதால் இதையும் எழுதுகிறேன். பின்லாந்தில் குழந்தைகள் காப்பகங்களின் முற்றத்தில் காட்டு மண்ணும் புல்லும் கொண்டுவந்து போட்டு, 28 நாள் பிள்ளைகளை அதில் விளையாட விட்டார்கள், மூன்றிலிருந்து ஐந்து வயது. தோலிலும் குடலிலும் இருக்கிற நல்ல நுண்ணுயிர்களின் வகை மாறியது, நோய் எதிர்ப்பைச் சீராக வைக்கிற அறிகுறிகள் ரத்தத்தில் கூடின. 2020இல் வெளியானது. சின்ன எண்ணிக்கைதான், 75 பிள்ளைகள், ஆனால் நான் பதினெட்டு வருடமாகக் கண்ணால் பார்ப்பதோடு அது ஒத்துப்போகிறது.

கடைசியாக, கழற்றிப் போட்டுச் சேர்க்கிற சாமான்கள் ஒரு பெட்டியில் வேண்டும். பழைய வலைத் துண்டு, கயிறு, மிதவைக் கட்டை, பனை ஓலைப் பாய், சிரட்டை. எங்கள் மையத்தில் விலை கொடுத்து வாங்கிய பொம்மை அலமாரியில் இருக்கிறது, வலைத் துண்டு கையில் இருக்கிறது. மீன்பிடி வீடுகளில் கேட்டாலே கொடுப்பார்கள். நைலான் நரம்பு மட்டும் வேண்டாம், கழுத்தில் சுற்றும்.


மண்டபத்து மண் எழுதியது:

பால்வாடி அக்கா சொன்ன சரிவை நான் எழுத மறந்துவிட்டேன், பத்தடிக்கு ஒரு அடி இறக்கம் என்று வரைபடத்தில் எழுத்திலேயே குறிப்பிடச் சொல்லுங்கள். 8 சென்ட் பள்ளத்தில் எல்லாப் பக்கமும் அந்தச் சரிவு வைத்தால் தண்ணீர் நிற்கிற அளவு குறைந்துவிடும், அதனால் ஒரு பக்கம் மட்டும் பிள்ளைகளுக்கு, மற்ற மூன்று பக்கம் கோரையும் வேலியும். தோண்டுவதற்கு முன் ஒரு ஆளை வைத்து மண் துளைப்பான் இறக்கி, உப்புத் தண்ணீர் எந்த ஆழத்தில் வருகிறது என்று பார்த்துவிடுங்கள். அதற்குக் குறைந்தது மூன்றடி மேலேயே நிறுத்தவேண்டும். பேராசைப்பட்டு ஆழமாக எடுத்தால் பள்ளம் உப்புக் குட்டையாகிவிடும்.


ஓவர்சியர் எழுதியது:

உள்ளாட்சியில் முப்பது வருடம் எஸ்டிமேட் போட்டவன் என்ற முறையில், அலுவலகத்தில் எப்படிப் பேசவேண்டும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

மனைப்பிரிவில் பூங்காவுக்கென்று தானப்பத்திரம் எழுதிய இடம் உள்ளாட்சிக்குச் சொந்தம், ஆனால் பூங்கா தவிர வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது. அந்தப் பத்திர நகலும் அங்கீகரித்த மனைப்பிரிவு வரைபடமும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். "வேண்டாம்" என்று மனுக் கொடுக்காதீர்கள், கொடுத்தால் நிதி வேறு ஊருக்குப் போய்விடும், பொதுமக்கள் எதிர்ப்பு என்று கோப்பை மூடிவிடுவார்கள். "திருத்திய மதிப்பீடு" என்று கேளுங்கள். கிராவல் நிரப்புதல், புல்தரை, நீரூற்று, சுவரில் பாதி, இவற்றைக் கழித்து, அதே தொகைக்குள் மண் வேலை, திண்ணை, கழிப்பறை, வேலி, மரக்கன்று என்று இனம் இனமாக எழுதிக் கொடுத்தால் பொறியாளருக்கும் வேலை சுலபம். நிரப்புகிற செலவே பெரிய தொகையாக இருக்கும், அது முழுக்க மிச்சம். ஊராட்சி என்றால் கிராம சபைத் தீர்மானம், அக்டோபர் 2 வருகிறது, தவறினால் நவம்பர் 1. நகராட்சி, பேரூராட்சி என்றால் வார்டில் பகுதி சபா. மக்கள் கொஞ்சம் பணம் போடத் தயார் என்றால் நமக்கு நாமே திட்டத்தில் கேட்கலாம், அரசு மீதியைப் போடும்.

உங்கள் இடம் முக்கால் கிலோமீட்டர் என்பதால் உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் என்கிற கடலோர ஒழுங்குமுறை எல்லைக்கு வெளியே இருக்கிறது. பக்கத்தில் கடல் தண்ணீர் ஏறி இறங்குகிற உப்போடை ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், அதற்கும் தனி எல்லை உண்டு. மணல் வேண்டுமென்று கடற்கரையிலிருந்தோ மணல்மேட்டிலிருந்தோ ஒரு சட்டிகூட எடுக்கவிடாதீர்கள். அலங்காரத்துக்குப் பவளக்கல் கொண்டுவருகிறேன் என்று யாராவது நல்ல மனசோடு சொல்வார்கள், நம் பக்கம் பழைய வீடுகளே அதில் கட்டியதுதான், ஆனால் 2001லிருந்து பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, தொடவே கூடாது. விளக்கு போடும்போது உயரமான வெள்ளை விளக்கு வேண்டாம், பாதையைப் பார்த்துக் கவிழ்ந்த மஞ்சள் விளக்கு கேளுங்கள், கடற்கரை நெடுக ஆமைக்குஞ்சுகள் வெளிச்சத்தைப் பார்த்துக் கரைப்பக்கம் ஏறிவிடுகின்றன.

பராமரிப்புக்கு மகளிர் சுயஉதவிக்குழுவை ஒப்பந்தத்திலேயே சேர்க்கச் சொல்லுங்கள். வாசலில் அவர்களுக்கு ஒரு சின்னக் கடை, பருத்திப்பால், சுண்டல் போட. கடை திறந்திருக்கிறவரை பூங்காவும் திறந்திருக்கும், ஒரு பெண் எப்போதும் அங்கே இருப்பாள்.


பாக் நீரிணைக்காரன் எழுதியது:

ஓவர்சியர் ஐயா சொன்ன கடை யோசனை எங்கள் ஊருக்கும் பொருந்தும். பூட்டிக் கிடக்கிற கேட்டைத் திறக்க முதலில் அதைத்தான் கேட்கப்போகிறேன். கடலோரத்துக்காரி தங்கச்சி, உங்கள் கூட்டம் எப்படிப் போனது என்று கட்டாயம் எழுதுங்கள்.


கடலோரத்துக்காரி எழுதியது:

நேற்று சாயங்காலம் கூட்டம் முடிந்தது. டேங்கர் லாரிக் கணக்கைச் சொன்னதும் முதலில் எதிர்த்த பெரியவரே "அந்தத் தண்ணீருக்கு யார் காசு?" என்று எழுந்து கேட்டார், அப்புறம் பேச்சு எங்கள் பக்கம் திரும்பிவிட்டது. பள்ளம் இருக்கட்டும், சரிவும் வேலியும் எழுத்தில் வரவேண்டும் என்று ஒத்துக்கொண்டார்கள். உடை மரம் இன்னும் இழுபறி, இரண்டு வீட்டுக்காரர்கள் முள்ளைச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். கிளையைக் கழித்துத் திண்ணை கட்டிக் காட்டுகிறோம், பொங்கல் வரை பொறுங்கள் என்று கேட்டிருக்கிறேன். திருத்திய மதிப்பீட்டு மனுவில் 41 வீட்டுக் கையெழுத்து சேர்ந்திருக்கிறது.

இன்றைக்குக் காலையில் பிள்ளைகளோடு போய்க் கயிறும் குச்சியும் வைத்துப் பள்ளத்தை அளந்தோம், ஏழே முக்கால் சென்ட் வருகிறது. மூத்தவளும் கூட வந்தாள், கயிற்றின் ஒரு முனையை அவள்தான் பிடித்தாள். பனங்கொட்டை 112 பொறுக்கியாயிற்று. வாத்தியார் ஐயா, பாத்தி எவ்வளவு ஆழம் வெட்டவேண்டும், கொட்டையைப் படுக்கவைக்க வேண்டுமா, நிமிர்த்தி வைக்க வேண்டுமா?


பனங்காட்டு வாத்தியார் எழுதியது:

பாத்தியைத் தரைக்குக் கீழே வெட்டாதே மகளே, மேலே எழுப்பு. இரண்டடி உயரத்துக்கு மணலைக் குவித்து, அதன் மேல் கொட்டைகளை நெருக்கமாக அடுக்கி, மேலே ஒரு சாண் மணல் மூடிவிடு. முளை கீழ்நோக்கித்தான் இறங்கும், குவியல் உயரமாக இருந்தால் கிழங்கு நீளமாக வரும், பிள்ளைகளுக்குத் தோண்டவும் லேசு. படுக்கவைத்தாலே போதும், முளை தானாக வழி பார்த்துக்கொள்ளும். மழை வருகிறவரை இரண்டு நாளைக்கு ஒரு முறை லேசாகத் தெளி. ஆடு கிளறாமல் மேலே கொஞ்சம் முள் போட்டு வை.